எச்சித் தண்ணி

ஜான்ராஜ் மேஸ்திரியை ஓரிடத்தில் உட்கார வைக்க அருப்புக்கோட்டையில் ஆள் கிடையாது. டீக்கடையில் பெஞ்சு காலியாகக் கிடந்தாலும் நின்றுகொண்டேதான் குடிப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு முடிந்து சபை உட்காரும்போது, அவர் மட்டும் செருப்புகள் கிடக்கும் வாசல் பக்கம் நழுவிப் போய், பிரசங்கம் முடியும்வரை கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். அவர் மனைவி ரூத் உபதேசியார் வீட்டுப் பெண். சபைக்கு முன்னால் புருஷன் இப்படிக் காவல்காரன் மாதிரி வாசலில் நிற்பது அவருக்குப் பெரிய மானக்கேடு. சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்தப் பக்கம் திரும்பாமலே பாட்டுப் பாடக் கற்றுக்கொண்டார்.

காலாவது பரவாயில்லை, வாய் அதற்கு மேல். மனதில் பட்டது அடுத்த நொடி நாக்கில் இருக்கும். ஆளுக்கொரு பட்டப்பெயர் வைப்பார். அவர் வைத்த பெயர் ஒருவர் மேல் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. சாயம் போடுகிற மனிதர் அல்லவா, கெட்டியாகத்தான் ஏற்றுவார்.

பிறந்தது பரளச்சிப் பக்கத்து மானாவாரிக் காட்டில். மழை பெய்தால் கம்பும் கொத்தமல்லியும் உண்டு, பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உட்கார்ந்திருப்பது தமக்கு ஆகாத வேலை என்று தெரிந்து, மீசை அரும்பும் வயதிலேயே மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே ஒரு சாயப்பட்டறையில் தொழில் கற்று, கல்யாணமான கையோடு அருப்புக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. திருச்சுழி ரோட்டில், ஊர் முடிந்து கரிசல் தொடங்குகிற இடத்தில் பூமிநாதனின் பட்டறை இருந்தது. தறிக்காரர்களுக்கு வேண்டிய நூலுக்கு அங்கே சாயம் ஏற்றுவார்கள். கறுப்பும் மஞ்சளும்கூடப் போட்டாலும் பட்டறையின் பெயர் நின்றது அரக்குச் சிவப்பில்தான். கல்யாணச் சேலைக்கு அரக்கு நூல் என்றால் பூமிநாதன் பட்டறைக்குப் போ என்று நெசவாளர் தெருக்களில் ஒரு பேச்சு இருந்தது.

சாயம் போடுவதைவிட அலசுவதுதான் அந்தத் தொழிலில் பெரிய பாடு. சாயத்திலிருந்து எடுத்த நூலை முதல் தண்ணியில் அலசினால் தொட்டி ரத்தக்களறியாகும். அதைத் திறந்துவிட்டு ரெண்டாந் தண்ணி பிடிப்பார்கள். அதுவும் சிவக்கும். அதையும் திறந்துவிட்டு மூணாந் தண்ணி. அதில் நிறம் இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அப்படி அலசினால்தான் சேலை கட்டுகிறவள் உடம்பில் சாயம் ஒட்டாது. ஒரு தடவைக்குத் தொட்டியில் போடும் நூலை ஓர் ஈடு என்பார்கள், இட்லிக்குச் சொல்வது போல. ஒவ்வோர் ஈட்டுக்கும் மூன்று தொட்டி நல்ல தண்ணீர். குடிதண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் தெருத் தெருவாக அலைகிற ஊரில், வண்டி வண்டியாகத் தண்ணீர் வந்து இறங்கி, நூலைக் குளிப்பாட்டிவிட்டு, பட்டறைக்குப் பின்னால் வாய்க்காலில் ஓடிக்கொண்டே இருந்தது.

வாய்க்கால் போனது கருத்தம்மாள் காட்டு வரப்போரமாக. கருத்தம்மாள் புருஷனை இழந்தவர், சொந்த நிலத்தில் தாமே ஏர் பிடிக்காத குறையாகப் பாடுபடுகிறவர். வரப்போரம் தண்ணீர் போகட்டும் என்று அவர் புருஷன் எந்தக் காலத்திலோ வாய்வார்த்தையாகச் சம்மதம் சொல்லியிருந்தார். அப்போது பட்டறையில் ஒரே ஒரு தொட்டிதான். தொட்டிகள் பெருகின, சம்மதம் அப்படியே நின்றது.

ஒரு நாள் காலையில் கருத்தம்மாள் பட்டறை வாசலில் வந்து நின்று, மேஸ்திரி யார் என்று கேட்டார். சத்தம் போடவில்லை. வா என்று மட்டும் சொல்லி ஜான்ராஜைத் தம் கிணற்றுக்கு அழைத்துப் போனார். தண்ணீர் மேல் ஒரு செஞ்சாடை படர்ந்திருந்தது. தொட்டியில் இறைத்து ஊற்றியதும் உழவுமாடு ஆசையாக வந்து மூக்கை வைத்தது. வைத்த வேகத்தில் தலையைத் திருப்பிக்கொண்டு, நாக்கை நீட்டி நீட்டி மூக்கைத் துடைத்தது. தாகத்தோடு நிற்கிற மாடு அது.

"பாத்துக்கிட்டியா தம்பி," என்றார் கருத்தம்மாள். "ஒங்க மொதலாளிகிட்ட நான் பேச மாட்டேன். அவுக காத்துப் பட்டா தெளிஞ்சிரும்பாக. மாசி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள எங்கெணறு தெளியலன்னா, வாய்க்காலுக்குக் குறுக்க மண்ணப் போட்டு அடைச்சிருவேன்."

அவர் சொன்னால் செய்வார். அடைத்துவிட்டால் பட்டறைத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. தண்ணீர் போகாவிட்டால் அலச முடியாது, அலசாவிட்டால் பட்டறை இல்லை, பட்டறை இல்லாவிட்டால் மேஸ்திரியும் இல்லை, அவரை நம்பி வேலை பார்க்கிற பால்ச்சாமி முதலான ஆட்களும் இல்லை. இவ்வளவையும் அந்தக் கிணற்று மேட்டிலேயே நினைத்துப் பார்த்தார். நினைத்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. பொறுங்கக்கா, நான் ஒரு வழி பண்ணுறேன் என்று சொல்லிவிட்டார். என்ன வழி என்று அவருக்கே தெரியாது.

அன்றிலிருந்து ஆளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூமிநாதனிடம் சொல்லிப் பார்த்தார். கருத்தம்மாள் சொன்ன பதிலையே பூமிநாதன் அட்சரம் பிசகாமல் சொன்னார், காத்துப் பட்டால் தெளிந்துவிடும் என்று. கெட்ட மனிதர் இல்லை பூமிநாதன். கண்ணுக்குத் தெரியாதது அவருக்கு இல்லாதது, அவ்வளவுதான். ஜான்ராஜ் வேலை நேரத்தில் தொட்டிக்கும் வாய்க்காலுக்கும் நடந்தார், வேலை முடிந்ததும் வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் நடந்தார். வீட்டில் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். ஒரு வாய் உட்கார்ந்து தின்றால் என்ன, சோறு ஓடியா போகும் என்று ரூத் தலையில் அடித்துக்கொண்டார்.

வழி வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் சாயப்பட்டறைக்காரர்களைக் கூட்டி வைத்து, ஒரு பாலிடெக்னிக் வாத்தியார் பேசினார். வெயில் காலத்து மத்தியானம், சாப்பாடு வேறு ஆகியிருந்தது. கூட்டம் முக்கால்வாசி சாமியாடியது. ஜான்ராஜ் வழக்கம்போல வாசலில் நின்றுகொண்டிருந்ததால் முழித்திருந்தார். கடைசியாக அலசிய தண்ணீர் அழுக்கே இல்லை, அதைக் கொட்டாதீர்கள், அடுத்த ஈட்டு நூலுக்கு அதை முன்னால் கொண்டு வாருங்கள் என்று வாத்தியார் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஈட்டின் ரெண்டாந் தண்ணி அடுத்த ஈட்டுக்கு முதல் தண்ணி. இந்த ஈட்டின் மூணாந் தண்ணி அடுத்ததற்கு ரெண்டாந் தண்ணி. கடைசித் தண்ணி மட்டும் புதுசு. ஜான்ராஜுக்கு உச்சந்தலையில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டியது போல இருந்தது. டீயும் பக்கடாவும் வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். அதைப் பார்த்தவர்கள் மேஸ்திரிக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாளே தொட்டிகளை வரிசைப்படுத்தினார். அரக்குக்கு ஒரு நாள், கறுப்புக்கு ஒரு நாள் என்று நிறம் கலக்காமல் பிரித்தார். மூன்று தொட்டியில் முதல் தொட்டியை மட்டும் வாய்க்காலுக்குத் திறந்துவிட்டு, மற்ற இரண்டையும் வாளியால் முன்னுக்கு மாற்றச் சொன்னார். காய்ந்த நூலை ஈரம் தொட்டுத் தம் வெள்ளை வேட்டியில் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். வேட்டி வெள்ளையாகவே இருந்தது. மூன்று வண்டி தண்ணீர் குடித்த பட்டறை ஒரு வண்டிக்குச் சற்று மேலே குடித்து ஏப்பம் விட்டது. தண்ணீர் வண்டிகள் குறைந்ததைப் பார்த்துப் பூமிநாதனுக்கும் முகம் மலர்ந்தது. வாய்க்கால் மெலிந்து, கருத்தம்மாள் காட்டைத் தொடுவதற்கு முன்பே கரிசல் அதைக் குடித்துவிட்டது. மாசி வந்தது. கருத்தம்மாள் வந்து வாய்க்காலைப் பார்த்தார், ஜான்ராஜைப் பார்த்தார், சரி பாப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதோடு விட்டிருந்தால் கதை இல்லை. வாய் விடவில்லை.

ஒரு நாள் வேலை மும்முரத்தில் பால்ச்சாமி வாளியோடு திகைத்து நின்று, எந்தத் தண்ணியை இதில் ஊற்றுவது என்று கேட்டான். ஜான்ராஜ் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏலே, அந்த எச்சித் தண்ணியத்தான் ஊத்தேன், வேற எதை," என்றார்.

பட்டறையே சிரித்தது. ஒரு நூல் வாய் வைத்த தண்ணீரில் இன்னொரு நூல் வாய் வைக்கிறது, எச்சில்தானே என்று அவரும் கூடச் சிரித்தார். அன்று முதல் அதற்கு அதுதான் பெயர். எச்சித் தொட்டி, எச்சி வாளி, எச்சி ஈடு என்று சொல் குட்டி போட்டது. நூல் வாங்க வருகிற தறிவீட்டுப் பெண்கள் காதில் விழுந்தது. அவர்கள் சிரிக்கவில்லை.

வைகாசி முகூர்த்தம் நெருங்கியது. நூல் அடுக்கு அடுக்காகக் காய்ந்து கிடந்தது, வாங்க ஆள் வரவில்லை. பூமிநாதன் தெருவுக்கு ஆள் விட்டு விசாரித்தார். கல்யாணப் பொண்ணு கட்டுகிற சேலையை எச்சித் தண்ணியில் முக்குகிறார்களாம், அதை எப்படி மணவறையில் கட்டுவது என்று கேட்டார்களாம். ஒரு வீட்டில் தறியில் ஏற்றிய பாவு நூலையே அறுத்துப் போட்டுவிட்டார்களாம். அந்தத் தண்ணீர் தெளிவானதா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. பெயர் ஒன்று போதாதா.

பூமிநாதன் வாளிகளைத் தூக்கி எறியச் சொன்னார். பழையபடி ஈட்டுக்கு மூன்று தொட்டி புதுத் தண்ணீர், பழையபடி வாய்க்கால் நிரம்பி ஓட்டம். ஜான்ராஜை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இவருக்குத் தாங்கவில்லை. தம் வாயாலேயே தம் வேலையைக் கெடுத்துக்கொண்டோமே என்று கூனிக் குறுகிப் போனார். வாய்க்காலோரம் நடந்து போய்ச் சிவப்புத் தண்ணீர் மறுபடி கருத்தம்மாள் வரப்பைத் தொடுவதைப் பார்த்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. எப்படி அந்தப் பெண்பிள்ளை முகத்தில் முழிப்பது.

யார் பேச்சைத் தறிவீடுகள் கேட்கும் என்று யோசித்தார். பூமிநாதனின் தாயார் கோகிலாம்பாள் நினைவுக்கு வந்தார். நெசவாளர் தெருக்களில் கல்யாணத்துக்குத் தேங்காய் உடைப்பது முதல் சேலைக்கு மஞ்சள் வைப்பது வரை அந்த அம்மாளைக் கேட்டுத்தான் நடக்கும். தினம் காலையில் சிவன் கோயிலுக்குப் போய் வந்த பிறகுதான் பச்சைத் தண்ணீர் பல்லில் படும். மகன் பட்டறைக்குப் பக்கத்திலேயே வீடு.

ஜான்ராஜ் போனபோது அவர் கோயிலிலிருந்து வந்த கையோடு, சின்னச் செம்பிலிருந்த அபிஷேகத் தண்ணீரை வீட்டு ஆட்களுக்கு உள்ளங்கையில் விட்டுக்கொண்டிருந்தார். ஜான்ராஜைக் கண்டதும் பிடித்துக்கொண்டார். நாலு தலைமுறைப் பெயரை ஒரு வாயில் அழித்துவிட்டாய், நாக்கா அது, வசம்பு வைத்துச் சுட வேண்டும் என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் வைதார். எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, கடைசியில் கண்முன்னால் இருந்த செம்பு கண்ணில் பட்டது. பட்டது வாயில் வந்துவிட்டது.

"சாமி மேல ஊத்துன தண்ணியத்தான கையில வாங்கிக் குடிக்கிறீக. அதை எச்சின்னா சொல்லுறீக, அம்மா?"

கோகிலாம்பாளின் முகம் சிவந்தது. பூமிநாதன் கண்ணாலேயே ஜான்ராஜை ஓடிப்போ என்றார். வேதக்காரன் வந்து நம் வீட்டு நடையில் நின்று சாமியையும் சாயத்தையும் ஒன்றாக்குகிறானே என்று அந்த அம்மாள் முணுமுணுத்தார். போ, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் போனபோது கோபம் தீரவில்லை, ஆனால் தீர்ப்பு இருந்தது. முகூர்த்த நூலுக்குத்தான் முதல் மரியாதை. ஒவ்வொரு நாளும் முதல் ஈடு அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு மூன்று தண்ணியும் புதுசு, அதில் ஒரு சொட்டுக் குறையக்கூடாது. அது குளித்து எழுந்த தண்ணீரில் அதற்குப் பின்னால் வருகிற துண்டும் கைலியும் குளிக்கலாம்.

"கல்யாண நூலு குளிச்ச தண்ணி எச்சி இல்ல, தீர்த்தம்," என்றார் கோகிலாம்பாள். "நான் தெருவுல சொல்லிக்கிறேன். ஒம் பட்டறையில அந்த இன்னொரு சொல்லு கேட்டுச்சு, அன்னைக்கே நீ ஊருக்குப் பஸ்ஸு ஏறிரணும்."

அப்படித்தான் ஆனது. தெருவில் கோகிலாம்பாள் சொன்னார், தெரு தலையாட்டியது. அதே தொட்டி, அதே வாளி, அதே தண்ணீர். கைலிக்காரர்கள்கூட எங்களுக்குத் தீர்த்தத்தில் அலசிய நூல்தானே என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். சிக்கல் ஜான்ராஜ் வீட்டில்தான் வந்தது. பட்டறையில் நாளெல்லாம் தீர்த்தம், தீர்த்தம் என்று சொல்லிப் பழகி, வீட்டில் குடத்தைத் தூக்கி வைக்கும்போதும் அது வாயில் வந்துவிட்டது. ரூத் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கெழம ஜெபம், திங்கக்கெழமயிலருந்து தீர்த்தமா? நல்லாருக்குங்க ஒங்க விசுவாசம்."

பெயரில் என்ன இருக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. பெயரால் பட்டவர் அவர். ஆண்டவரே, தண்ணியைப் பாரும், என் வாயைப் பாராதேயும் என்று அந்த வாரம் சர்ச் வாசலில் நின்று மனதுக்குள் ஜெபித்துக்கொண்டார். அந்த ஜெபத்தில் அவருக்கே முழு நிம்மதி இல்லை.

ஆனால் கிணறு தெளிந்தது. ஒரே வருஷத்தில் இல்லை. இரண்டு ஐப்பசி மழை உள்ளே இறங்கி, உள்ளிருந்த கசப்பைத் தள்ளிய பிறகு, மாடு மூக்கை வைத்து எடுக்காமல் குடித்தது. கருத்தம்மாள் ஆள் அனுப்பி ஜான்ராஜைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தத் தண்ணீரை நம்பி, ஊரார் வேண்டாம் என்று சொல்லியும், கிணற்றைச் சுற்றி மல்லிகைப் பதியன் வைத்தார். மல்லிகை ஒரு வருஷத்துப் பயிர் இல்லை. வைத்தால் பல வருஷம் நின்று பூக்கும், கெட்டால் பல வருஷ உழைப்பும் கெடும். அதை வைக்கிறவர் எதிர்காலத்தை நம்பித்தான் வைக்க வேண்டும். மூன்றாம் வருஷம் அருப்புக்கோட்டைப் பூக்கடைகளில் அவர் தோட்டத்துப் பூவுக்குத் தனி மதிப்பு வந்தது. சனிக்கிழமை தோறும் ஒரு பொட்டலம் ரூத்துக்கு வரும். ரூத் அதைத் தலையில் வைத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போவார்.

தொண்ணூறு பிறந்தது. ஊரில் விசைத்தறிகள் பெருகின. கைலி நூலுக்குக் கிராக்கி வந்தது, வீரசோழன் பக்கத்து வியாபாரிகள் லோடு லோடாகக் கேட்டார்கள். பூமிநாதன் பட்டறையின் பின்பக்கச் சுவரை இடித்து இடத்தைப் பெருக்கினார். தண்ணீருக்குப் போர் போட்டார். ஒரு வரிசைத் தொட்டி மூன்று வரிசையானது. ஒவ்வொரு வரிசையிலும் ஜான்ராஜின் முறைதான், அதில் ஒரு பிசகும் இல்லை. ஈட்டுக்குத் தண்ணீர் கூடவில்லை. ஈடுகள் கூடிவிட்டன. மெலிந்து கிடந்த வாய்க்கால் மறுபடி கரை தொட்டு ஓட ஆரம்பித்தது.

ஜான்ராஜ் பூமிநாதனிடம் போய் நின்றார். பூமிநாதன் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, புது வேட்டி ஒன்றைத் தோளில் போட்டு, ஆட்கள் எல்லாரும் பார்க்க வாயாரப் புகழ்ந்தார்.

"இது எல்லாம் நீ மிச்சம் புடிச்சுக் குடுத்த தண்ணிப்பா. அது இல்லன்னா இத்தன தொட்டி கட்ட எனக்கு ஏது தெம்பு?"

கை தட்டினார்கள். ஜான்ராஜுக்கு அந்த வேட்டி தோளில் கனத்தது. மிச்சம் பிடித்தது எதற்கு, போனது எங்கே. தாம் நாயாக அலைந்து காப்பாற்றிய ஒவ்வொரு வாளியும் இன்னொரு தொட்டியாகி, இன்னொரு ஈடாகி, அதே வாய்க்கால் வழியாக அதே கிணற்றுக்குத்தான் போகிறது. தொட்டிகளைக் குறைக்கலாம், அல்லது சாயத் தண்ணீரை நம் இடத்திலேயே குழி வெட்டி நிறுத்திக் காயப் போடலாம் என்று சொன்னார். இடம் எங்கே இருக்கிறது, இருந்த இடத்தில்தான் தொட்டி கட்டியாயிற்றே என்றார் பூமிநாதன். காத்துப் பட்டால் தெளிந்துவிடும் என்று மறுபடியும் சொன்னார்.

கருத்தம்மாள் இந்தத் தடவை பட்டறைக்கு வரவில்லை, ஆள் அனுப்பவும் இல்லை. சனிக்கிழமைப் பூப் பொட்டலம் நின்றது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஜான்ராஜ் தாமே போனார். மல்லிகைச் செடிகள் இலை ஓரம் கருகி நின்றன. நெருப்புக்குப் பக்கத்தில் காட்டிய காகிதம் மாதிரி ஒவ்வோர் இலையும் விளிம்பில் பொசுங்கியிருந்தது. அரும்புகள் விரியாமலே பழுத்துக் கொட்டியிருந்தன. கருத்தம்மாள் நடுவில் உட்கார்ந்து காய்ந்த குச்சிகளை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கிணறு தெளிகிறவரை மாசிக்கு மாசி அடைப்பேன் என்று சொன்னவர், இவர் பொறுங்கக்கா என்று சொல்லும்போதெல்லாம் பொறுத்தவர். இன்றைக்கு அடைப்பேன் என்றுகூடச் சொல்லவில்லை.

பொறுங்கக்கா என்ற சொல் ஜான்ராஜின் நாக்கு நுனி வரை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சொல்லை அங்கேயே நிறுத்தினார்.

"அக்கா, அடைச்சிருங்க," என்றார்.

கருத்தம்மாள் ஒடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஒம் பொழப்பு?"

"அது எம் பாடு. நீங்க என்னைய நம்பித்தான செடி வச்சீக."

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை, வாய்க்காலில் தண்ணீர் வராது. சட்டை போடாமல் மண்வெட்டியோடு கிளம்பிய புருஷனைப் பார்த்து, பைபிளைக் கையில் எடுத்த ரூத் என்ன என்று கேட்டார். ஜான்ராஜ் சொன்னார். வேலை போய்விடும் என்பது அவருக்கும் தெரியும். இன்றைக்கு ஒரு நாள் நீங்கள் வராவிட்டால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று சொல்லிவிட்டுத் தனியாகச் சர்ச்சுக்குப் போனார். கருத்தம்மாள் கரிசலை வெட்டிக் கொடுக்க, ஜான்ராஜ் கூடையில் சுமந்து கொட்டினார். பட்டறை எல்லையும் காட்டு எல்லையும் சேருகிற இடத்தில், வாய்க்காலுக்குக் குறுக்கே, இடுப்பு உயரத்துக்கு மண் ஏறியது. மத்தியானம் ரூத் சோற்றுத் தூக்கோடு வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்ணை மிதித்து இறுக்கினார்.

திங்கட்கிழமை காலை மூன்று வரிசைத் தொட்டிகளும் திறந்தன. தண்ணீர் வாய்க்காலில் போனது, மண்ணில் முட்டியது, வந்த வழியே திரும்பியது. கொஞ்ச நேரத்தில் பட்டறை முற்றம் அரக்கில் மூழ்கியது. காயப் போட்ட நூலின் நுனிகள் அதில் நனைந்தன. ஆபீஸ் அறைப் படியில் ஏறியது. அங்கேயும் நிற்காமல் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய், கோலத்தை அழித்துக்கொண்டு நின்றது. காந்தலும் காரமுமாக ஒரு நெடி. பூமிநாதன் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யார்லே அடைச்சது என்று கத்தினார். பால்ச்சாமி முதலான ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நாந்தான் அண்ணாச்சி," என்றார் ஜான்ராஜ்.

அந்த நேரம் பார்த்துக் கோயிலுக்குப் புறப்பட்ட கோகிலாம்பாள் வாசலுக்கு வந்தார். கையில் பூக்கூடையும் செம்பும். படிக்குக் கீழே சிவப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு கிடந்தது. வைத்த கால் அந்தரத்தில் நின்றது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மூக்கில் முந்தானையை வைத்து, இது என்ன எழவுத் தண்ணி, எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார்.

ஜான்ராஜ்தான் சொன்னார். இந்தத் தடவை அவர் குரலில் கேலி இல்லை.

"நம்ம தண்ணிதாம்மா. இத்தன வருசமும் இது கருத்தம்மாக்கா வாசல்ல நின்னுச்சு."

கோகிலாம்பாள் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு எந்தப் பெயரும் வைக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவர் கோயிலுக்குப் போகவில்லை. பூமிநாதன் மண்ணை வெட்டிவிடச் சொல்லிப் பால்ச்சாமியை அனுப்பினார். பால்ச்சாமி போய்ப் பார்த்தான். அணை மேல் கருத்தம்மாள் அரிவாளோடு உட்கார்ந்து களைக்கொட்டுக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார். அவன் மண்வெட்டியைத் தோளில் வைத்தபடியே திரும்பி வந்தான். வேறு வழியில்லாமல் பூமிநாதன் புது வரிசைத் தொட்டிகளுக்குத் தண்ணீரை நிறுத்தினார். பட்டறைக்குப் பின்னால் கடைசியாகக் கட்டிய வரிசையை இடித்து, அந்த இடத்தில் தண்ணீரை நிறுத்திக் காயவைக்கக் குழி வெட்டினார்கள். அந்தக் குழி வெட்டும்போது ஜான்ராஜ் அங்கே இல்லை. அந்தத் திங்கட்கிழமையே அவர் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள்.

முதலாளியின் வாய்க்காலை அடைத்த மேஸ்திரிக்கு யார் வேலை கொடுப்பார்கள். பல மாதம் அலைந்தார். சும்மா இருக்கத் தெரியாதவருக்கு வேலையில்லாத வீடு முள்ளாகக் குத்தியது. செய்தது சரிதானா என்று சில நாள் தோன்றும். அப்போது போய்க் கருத்தம்மாள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். பாதிச் செடிகள் பட்டுப்போயிருந்தன. மீதிப் பாதியில் புதுத் துளிர் கண்டிருந்தது. பட்டதை நினைத்து வருத்தமும் துளிர்த்ததை நினைத்துச் சந்தோஷமும் மாறி மாறி வரும். எதிலும் மனம் தங்காது.

கடைசியில் விருதுநகர் ரோட்டில் புதிதாகத் திறந்த ஒரு பட்டறையில், அரக்கு போட ஆள் இல்லாமல் தவித்து, வேறு வழியின்றி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். புது முதலாளி இளவயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். தொட்டிகளைக் காட்டினார், போரைக் காட்டினார், சாய டப்பாக்களைக் காட்டினார். என்ன சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் அண்ணாச்சி என்று பணிவாகக் கேட்டார். ஜான்ராஜின் கால் அதற்குள் பட்டறையின் பின்பக்கம் போயிருந்தது. அலசின தண்ணி எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டார்.

புது முதலாளி கையை வீசி, காட்டுப் பக்கம் காட்டினார். "அது அங்கிட்டுப் போயிரும் அண்ணாச்சி."

ஜான்ராஜ் தம் பையைத் தரையில் வைக்காமல் அந்தப் பக்கமே பார்த்தார்.

"அங்கிட்டு யாரு இருக்கா?" என்றார்.